சோதித்துப் பார்த்தவர்

— அப்ப அந்தப் பெட்டிய நீ கையால தொட்டுக்கூடப் பாக்கல. இதத்தான இவ்வளவு நேரமாச் சுத்திச் சுத்திச் சொல்றே?

— தொட்டுப் பாத்தேன், டோர்டிஸ். ஆனா பழைய பெட்டிய. உங்க படகுல இருந்தது புதுப் பெட்டி. அது என் கைக்கு வந்தே சேரல. அதாவது...

— ஐலிஃப், காரை நிறுத்தினதுலேர்ந்து பதினஞ்சு ‘அதாவது’ சொல்லிட்டே. இன்னொண்ணு சொன்னே, இந்தச் சிவப்புப் பெயிண்ட் உன் நல்ல கோட்டு மேலதான். மொதல்லேர்ந்து வா. ட்ரோண்ட்ஹைம்லேர்ந்து ஆறு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்கே. படகுக்கு அடியில குனிஞ்சு சிப்பி சுரண்டிக்கிட்டிருக்கற பொம்பளகிட்ட வந்து ‘என்னை மன்னிச்சிருங்க’ன்னா, எதுக்குன்னு அவளுக்குத் தெரிய வேணாமா?

— உங்க படகு பாறையில ஏறினதுக்கு.

— அது போன வருஷம் மார்ச்ல. நீ எங்க இருந்தியோ, யாரு கண்டா. நீர்க்காக்காப் பாறை எங்க இருக்குன்னாவது உனக்குத் தெரியுமா?

— தெரியாது. ஆனா உங்க ஆழம் காட்டுற பெட்டிக்குள்ள என் பேரு இருந்துச்சு.

— ம். சரி, மேல சொல்லு. அந்தச் சுரண்டியையும் எடு. சும்மா நின்னுக்கிட்டு மன்னிப்புக் கேக்காத, அந்தப் பக்கத்தச் சுரண்டிக்கிட்டே கேளு. மே பதினேழு கொடி நாளுக்குள்ள இத நான் தண்ணியில இறக்கணும்.

— இப்படியா?

— அழுத்திச் சுரண்டு. பூனையத் தடவுற மாதிரி தடவாத.

— சரி. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கு. அதுல எல்லாத்துக்கும் தலைமையா ஒண்ணு உண்டு, கெர்னல்னு சொல்லுவோம். யாருக்கு எவ்வளவு மெமரி, எந்த இடம்னு பிரிச்சுக் குடுக்கறது அதோட வேலை. திரையில படம் வரையறதுக்கு இவ்வளவு, கடல் வரைபடத்துக்கு இவ்வளவுன்னு.

— துறைமுக ஆபீஸ்ல நம்ம ஓட்வார் மாதிரி. எந்தப் படகு எங்க கட்டணும்னு நோட்டப் பாத்துச் சொல்லுவான்.

— ஓட்வார் மாதிரியேதான். அவர் துறையில ஆம்புலன்ஸ் படகுக்குன்னு தனி இடம் இருக்கும்ல?

— கோடியில, ஒம்பதாம் நம்பர். அது யாரையும் கேக்காது. நெனச்ச நேரம் வரும், நேரா வந்து சொருகும்.

— கடலடியில பட்டுத் திரும்பற எதிரொலிய வாங்கி ஆழம் சொல்ற சிப்பும் அப்படித்தான். கெர்னல்கிட்ட அனுமதி கேக்காது, தானாவே நேராப் போய் மெமரில எழுதும். அதனால பெட்டிய முடுக்கின உடனே கெர்னலுக்கு ஒரு குறிப்பக் காட்டணும். ‘இந்த இடம் அந்தச் சிப்போடது, இத உன் கணக்குலயே சேக்காத, வேற யாருக்கும் குடுத்துராத’ன்னு. அந்தக் குறிப்புல இருக்கறது ரெண்டே எண்ணு. எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம். அவ்வளவுதான்.

— அந்த எண்ணு தப்பு.

— புதுப் பெட்டியில சிப்பு வேற இடத்துல போய் எழுதுது. குறிப்புல பழைய இடமே நின்னுபோச்சு. ஆம்புலன்ஸ் படகு ஒம்பதுக்கு மாறிருச்சு, ஓட்வாரோட நோட்டுல இன்னும் நாலுன்னு இருக்கு.

— அப்ப அவன் நாலைக் காலியா வச்சுக் காவல் காத்துக்கிட்டு, ஒம்பதை எவனோ ஒரு கோடை விடுமுறைக்காரனுக்குக் குடுத்துட்டான்.

— ஆமா.

— அப்படின்னா மாட்டின அன்னைக்கே இடிச்சிருக்கணுமே. புதுவருஷத்துக்கு மாட்டினோம். மார்ச் வரைக்கும் ஒழுங்காத்தான் காட்டுச்சு.

— துறை காலியா இருக்கற வரைக்கும் ஒம்பதுக்கு யாரு போவாங்க? முதல்ல முன்னால இருக்கற இடந்தான் நிரம்பும். பெட்டிய அணைக்காம ஒரு நாளுக்கு மேல ஓட விட்டாத்தான் கோடி வரைக்கும் போகும். நீங்க அன்னைக்கு...

— ரெண்டு நாளாக் கடல்லயே. மத்த நாள்ல சாயங்காலம் கரைக்கு வந்து எல்லாத்தையும் அணைச்சிருவோம். அன்னைக்கு காட் மீனு குவிஞ்சு கெடந்துச்சு, விட்டுட்டு வர மனசு வரல. பேராசை. சரி, ஒம்பதுல அந்த விடுமுறைக்காரன் வந்து கட்டினான். அப்புறம்?

— வரைபடம் வரையற நிரலுக்கு கெர்னல் அந்த இடத்தத் தூக்கிக் குடுத்துருச்சு. சிப்பு எழுதினது மேலயே அதுவும் எழுதுச்சு. ஆழத்துல எது புதுசு, எது பழசுன்னு காட்டுற ஒரு சின்னக் குறி அங்கதான் இருந்துச்சு. அது அழிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் திரை கடைசியா எடுத்த எண்ணையே திரும்பத் திரும்ப எடுத்துக்கிட்டிருக்கும். வரைபடத்துல படகு நகரும், மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கும். ஆழம் மட்டும் அப்படியே நிக்கும்.

— லேசாக்கூட ஆடாதா? ஆழம்னா எப்பவும் ஆடிக்கிட்டே இருக்கும்ப்பா. முப்பத்தெட்டு புள்ளி நாலு, புள்ளி ஆறு, புள்ளி மூணுன்னு.

— ஆடாது. அது செத்துப் போன எண்ணு.

— முப்பத்தெட்டு புள்ளி நாலு. அப்படியே குத்துக்கல்லாட்டம்.

— ஆமா. என் வீட்டுச் சமையல் மேசையில வேற எண்ணு, ஆனா அதுவும் அப்படித்தான் நின்னுச்சு. உங்க பெட்டி மாதிரியே ஒண்ண வாங்கி, பதிவு பண்ணி வச்ச எதிரொலிய அதுக்குக் குடுத்து, அணைக்காம ஓட விட்டேன். இருபத்தாறாவது மணி நேரம். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே திரும்பிப் பாக்கறேன், எண்ணு நிக்குது. கத்தியப் போட்டுட்டுப் பெட்டிகிட்ட ஓடினேன்.

— ஏன் வாங்கினே? யாரு உன்னை வாங்கச் சொன்னா?

— விபத்து அறிக்கைய இணையத்துல போட்டிருந்தாங்க. வேற எதையோ தேடப் போயி அது கண்ணுல பட்டுச்சு. ‘சுக்கான் பிடித்திருந்தவர், திரை கடைசிவரை முப்பத்தெட்டு மீட்டர் காட்டியதாகக் கூறுகிறார். கருவி சோதிக்கப்பட்டது. பழுது இல்லை.’ ரெண்டே வரி. அதுக்குக் கீழ பெட்டியோட மாடல் நம்பர். அந்த நம்பர எனக்குத் தெரியும்.

— ஏன்னா உன் பேரு அதுல இருக்கு.

— எங்க உலகத்துல ஒரு வழக்கம் இருக்கு, டோர்டிஸ். யாரோ ஒருத்தன் கெர்னலுக்கு ஒரு மாத்தம் எழுதி, எல்லாரும் பாக்கற மாதிரி பொதுப் பட்டியலுக்கு அனுப்புவான். மத்தவங்க படிச்சுப் பாப்பாங்க, குறை சொல்லுவாங்க. நெசமாவே கருவியில போட்டு ஓட்டிப் பாத்தவன் கீழ ஒரு வரி எழுதுவான். ‘சோதித்துப் பார்த்தவர்’னு போட்டு அவன் பேரு. காசு கெடையாது, பாராட்டு கெடையாது. அந்த வரிதான் எல்லாம். அது இருந்தா மேல உக்காந்திருக்கறவர் நம்பி ஏத்துக்குவார். பதினஞ்சு வருஷமா நான் அந்த வரிய எழுதியிருக்கேன். ‘ஐலிஃப் பாத்துட்டானா, அப்ப சரி’ன்னு சொல்லுவாங்க.

— இந்த ஒண்ணத்தான் பாக்கல.

— புதுப் பெட்டி தபால்ல மாட்டிக்கிச்சு. ஞாயித்துக்கிழமையோட அந்தச் சுத்து மாத்தங்கள வாங்கறதுக்குக் கதவச் சாத்திருவாங்க. மாத்தத்த எழுதினது பெல்ஜியத்துல ஒரு பொண்ணு, அதுக்கு இதுதான் மொத மாத்தம். ‘உங்ககிட்டதான் பெட்டி இருக்கும், பாத்துச் சொல்லுவீங்களா’ன்னு அவ்வளவு மரியாதையா எழுதியிருந்துச்சு. கீழ கார்ல பனிச்சறுக்குக் கட்டையெல்லாம் ஏத்தி, மலைக் குடிசைக்குக் கிளம்ப என் குடும்பம் ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கு. பழைய பெட்டியில போட்டேன், ஓடுச்சு. புதுசும் இதே ஜாதிதான, என்ன பெரிய வித்தியாசம்னு நெனச்சேன். அந்த வரிய எழுதினேன். ஒரு நிமிஷங்கூட ஆகல.

— காபி! ஓய் டோர்டிஸ், விருந்தாளி வந்திருக்கறத ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒரு கோப்பை சேத்துக் கொண்டு வந்திருப்பேன்ல. யாருப்பா நீ, இன்சூரன்ஸா?

— இல்ல, நான்...

— ஹால்ஸ்டைன், இவன் அந்த ஆழம் காட்டுற பெட்டி ஆளு. ஐலிஃப், இவன் இந்தப் படகுப் பட்டறைக்கு முதலாளி. வாய்க்கும் அவனே முதலாளி.

— பெட்டி ஆளா! குடு கைய. உன் பெட்டியில ஒரு கோளாறும் இல்லப்பா. நான் சொன்னேன்ல, டோர்டிஸ்? அதிகாரிங்க இந்தத் துறையிலதான் அதப் போட்டுப் பாத்தாங்க, நான் கூடவே நின்னேன். ஆறு மீட்டர், ஆறு மீட்டர்னு கிளிப்பிள்ள மாதிரி சொல்லுச்சு. கயிறு விட்டு அளந்தோம், ஆறேதான். கோளாறு பெட்டியில இல்ல, அந்தத் தூங்குமூஞ்சி லிதுவேனியாக்காரன்கிட்ட.

— ஹால்ஸ்டைன், வேணாம்.

— ஏன் வேணாம்? ஊருக்கே தெரிஞ்ச கதைதான. கேளுப்பா, பனி கொட்டுது, மூக்குக்கு முன்னால கை தெரியல. அந்தப் பாறைக்குப் பக்கத்துக் கடல் சந்துல எவனும் வரைபடத்த நம்ப மாட்டான், நீரோட்டம் அப்படி இழுக்கும். ஆழத்தப் பாத்தேதான் போவோம். முப்பது மீட்டருக்குக் கொறையாமப் போனா தப்பிச்சே, கொறைஞ்சா திருப்பு, அவ்வளவுதான் பாடம். பட்டப்பகல் பதினோரு மணிக்கு அந்த வைதாஸ் சுக்கானப் புடிச்சுக்கிட்டே குறட்டை விட்டிருக்கான். கேட்டா ‘முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு’ன்னு நாலு பாஷையில சொன்னான். நல்ல வேளை, இவ கீழ கட்டில்ல படுத்திருந்தா. மேல சுக்கான் பக்கத்துல நின்னிருந்தா படகுத் தலைவிக்கான ஸ்கிப்பர் லைசென்சப் புடுங்கியிருப்பாங்க. அறுபத்தோரு வயசுல அத எவன் திருப்பிக் குடுப்பான்?

— அவர் தூங்கல.

— என்னது?

— வைதாஸ் தூங்கல. திரை முப்பத்தெட்டுன்னுதான் காட்டுச்சு. பெட்டி ஒரு நாளுக்கு மேல ஓடினா எண்ணு உறைஞ்சு போயிரும். அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாயிரும். உங்க துறையில அதிகாரிங்க அணைச்சுத்தான போட்டிருப்பாங்க?

— கரைக்கு இழுத்துட்டு வந்தப்ப கரண்டே இல்ல. புது பேட்டரி மாட்டித்தான்... இரு, இரு. நீ என்ன சொல்றே? அவன் சொன்னது நெசமா?

— ஒவ்வொரு வார்த்தையும். தப்பு என்னோடது. அந்தப் பெட்டியச் சோதிச்சுப் பாத்தேன்னு எழுதினது நான். நான் பாக்கல.

— டோர்டிஸ், இவன் சொல்றதக் கேட்டியா?

— கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நீ வர்றதுக்கு முன்னாலேர்ந்து.

— நான்... இந்தப் பட்டறையில எல்லாரும் உக்காந்து காபி குடிக்கறப்ப அவன் வந்தான். விசாரணை முடிஞ்ச மறுநாள். எந்தப் படகுலயாவது ஆளு வேணுமான்னு கேக்க வந்தான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? உள்ள போய் ஒரு தலகாணிய எடுத்தாந்து அவன் கையில குடுத்தேன். எல்லாரும் சிரிச்சு உருண்டாங்க. அவன் அத வாங்கிக்கிட்டான். நன்றின்னு வேற சொன்னான், டோர்டிஸ். அந்தத் தலகாணியோடதான் பஸ்ஸு நிறுத்தத்துக்கு நடந்து போனான். பனியில.

— தெரியும். நான் ஜன்னல் வழியாப் பாத்தேன்.

— படகு சாயறப்ப முட்டி பெசகின உன்னைத் தூக்கி ரப்பர் படகுல போட்டவன் அவன். அத நெனச்சாவது நான் வாய மூடியிருக்கலாம்.

— ஆமா. மூடியிருக்கலாம்.

— தம்பி, உன்னை நாலு வார்த்தை கேக்கணும்னுதான் இருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க? நான் போறேன். படகு இழுக்கற வின்ச்சுல வேலை கெடக்கு.

— காபிய விட்டுட்டுப் போற, ஹால்ஸ்டைன்.

— நீங்களே குடிங்க. எனக்கு இறங்காது.

— போயிட்டான். ஐலிஃப், அந்த ஆளு நான் பாத்து இப்படித் தலையத் தொங்கப் போட்டதே இல்ல. உக்காரு. அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காரு. காபி குடி.

— வேணாம், டோர்டிஸ். நீங்க என்னைத் திட்டுவீங்கன்னு நெனச்சு வந்தேன். அடிப்பீங்கன்னுகூட நெனச்சேன்.

— திட்டினா உனக்கு லேசாயிரும். அதான் திட்டல. ஒண்ணு கேக்கறேன். சமையல் மேசையில எண்ணு நின்னுச்சே, அது எப்ப?

— ஈஸ்டருக்கு முன்னால. மூணு வாரத்துக்கு மேல ஆச்சு.

— மூணு வாரமா என்ன பண்ணே?

— அதக் கேக்காதீங்க.

— கேக்கறேன்.

— திருத்தத்த அன்னைக்கே அனுப்பிட்டேன். எண்ணு ரெண்டையும் சரியாப் போட்டு அனுப்பினேன். ஆனா மேல விளக்கம்னு ஒண்ணு எழுதணும், ஏன் மாத்தறோம்னு. ‘முகவரிகளை ஒழுங்குபடுத்துதல்’னு எழுதினேன். அவ்வளவுதான். விபத்துன்னு இல்ல, படகுன்னு இல்ல, நான் பாக்கலேன்னு இல்ல. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சேன். யாரும் ஒரு கேள்வி கேக்கல. ‘நன்றி ஐலிஃப், எப்பவும் போல அருமையான வேலை’ன்னு ஒருத்தர் எழுதினார். அதப் படிச்சப்ப நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

— மூணு வாரம். மூணே வாரந்தானா.

— மூணு வாரம் உங்களுக்குக் கொறச்சலாத் தெரியுதா?

— ஒண்ணும் இல்ல. மேல சொல்லு. தூங்கினியா?

— இல்ல. படுத்தா அந்த ரெண்டு வரி வருது. ‘கூறுகிறார்.’ அந்த ஒரு வார்த்தை போதும். சொல்றான், நாங்க நம்பலங்கறத எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க. ஒரு மனுஷன் நெசத்தச் சொல்லியிருக்கார். எதுத்தாப்புல நின்னு பொய் சொன்னது என் ஒரு வரி.

— பெட்டிய இப்ப சரி பண்ணியாச்சு. இனிமே எந்தப் படகும் அதால ஏறாது. பேசாம இருந்துட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல. பின்ன எதுக்கு வந்தே?

— இன்னைக்கு உண்மையான விளக்கத்த எழுதி எல்லாருக்கும் அனுப்பப் போறேன். விபத்து விசாரணை ஆபீஸுக்கும் ஒரு பிரதி. அதுக்கு முன்னால உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லிடணும்னு தோணுச்சு.

— கையக் கழுவிக்கறதுக்கு.

— ஆமா. இருக்கலாம். இல்லேன்னு சொல்ல முடியல.

— உன்னை என்ன பண்ணுவாங்க?

— வேலை போகாது. யாரும் சத்தம் போட மாட்டாங்க, எங்காளுங்க அப்படி இல்ல. ஆனா இனிமே நான் அந்த வரிய எழுதினா யாரும் நம்பி ஏத்துக்க மாட்டாங்க. ‘வேற யாராவது பாத்தா நல்லது’ன்னு மென்மையா எழுதுவாங்க. பதினஞ்சு வருஷம் கட்டின பேரு அது. அந்தப் பொண்ணும் படிக்கும். என்னை நம்பினதுக்கு அதுவும் வெக்கப்படும்.

— எழுதி அனுப்பிட்டா தூக்கம் வருமா?

— தெரியல. இன்னும் அனுப்பலையே.

— ம். நீ சுரண்டினதுல பாதி சிப்பி அப்படியே இருக்கு. பரவால்ல, விடு.

— டோர்டிஸ், ஒரு உதவி வேணும். அதுக்காகவும்தான் வந்தேன்.

— கேளு.

— அதே வழக்கத்துல இன்னொரு வரியும் உண்டு. கோளாறை முதமுதல்ல யாரு சொன்னாங்களோ அவங்க பேரத் திருத்தத்துக்குக் கீழ போடணும். ‘முதலில் தெரிவித்தவர்’னு. எவ்வளவு பெரிய நிபுணன் கண்டுபுடிச்சாலும் மொதல்ல சொன்னவனுக்குத்தான் அந்த வரி. இத மொதல்ல சொன்னது நான் இல்ல. வைதாஸ். நாலு பாஷையில சொல்லியிருக்கார். அவர் பேரு அங்க இருக்கணும். அவர் சம்மதம் வேணும், பேரை எப்படி எழுதறார்னும் தெரியணும். அவர் நம்பர் உங்ககிட்ட இருக்கா?

— இருக்கு. லிதுவேனியாவுல, கிளைபேடால ஒரு மரக் கிடங்குல வேலை பாக்கறான். கடல் பக்கமே போறதில்லையாம்.

— பேசுவீங்களா அவர்கிட்ட?

— அவன்தான் பேசுவான். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு செய்தி. இந்த ஈஸ்டருக்கு ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே கேள்வி. ‘முட்டி எப்படி இருக்கு, ஸ்கிப்பர்?’

— என்ன பதில் போட்டீங்க?

— போடல.

— சரி, அதுல உங்க தப்பு என்ன இருக்கு? பெட்டி பொய் சொல்லுச்சு. அதிகாரிங்க பெட்டிய நம்பினாங்க, நீங்க அதிகாரிங்கள நம்பினீங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிருச்சு. பாவம் என்கிட்ட இருக்கு, டோர்டிஸ். நீங்க ஏன் முகத்தத் திருப்பிக்கறீங்க?

— கம்ப்யூட்டர் கொண்டு வந்திருக்கேல்ல?

— கார்ல இருக்கு.

— கொண்டா. இங்கயே திற. என் கண்ணு முன்னால எழுது. அவன்கிட்ட சம்மதம் நான் வாங்கித் தர்றேன். நானே பேசறேன், நீ இல்ல.

— இதோ. திறந்துட்டேன். ‘முதலில் தெரிவித்தவர்: வைதாஸ்.’ குடும்பப் பேரு?

— அத அவன் வாயால கேட்டு எழுதிக்கலாம். அந்த வரியில ஒரு பேருதான் போடலாமா?

— எத்தன பேரு சொன்னாங்களோ, ஆளுக்கு ஒரு வரி. ஏன்?

— கீழ இன்னொரு வரி போடு. ‘முதலில்’னு போடாத. ரொம்பப் பிந்தித் தெரிவித்தவர்னு ஏதாச்சும் வழக்கம் உண்டா உங்ககிட்ட?

— அப்படி ஒண்ணு இல்ல. யாரு? அந்த நேரத்துல மேல வைதாஸ் மட்டுந்தான இருந்தார்?

— எழுதறியா, இல்லையா?

— இருங்க. டோர்டிஸ், அறிக்கையில வெறும் முப்பத்தெட்டுன்னுதான் இருக்கு. நாப்பது தடவை படிச்சிருக்கேன். முப்பத்தெட்டு மீட்டர், அவ்வளவுதான். நீங்க கொஞ்ச முன்னால புள்ளி நாலுன்னு சொன்னீங்க. ரெண்டு தடவை.

— சொன்னேன்.

— வைதாஸ் சொல்லி உங்களுக்குத் தெரியுமா?

— அவன் விசாரணையில ‘முப்பத்தெட்டு’ன்னு சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாத்தான். மீதிய நான் சொல்லுவேன்னு பாத்தான். எவ்வளவு நேரம் பாத்தான் தெரியுமா? நான் பக்கத்துல நின்னேன்னு அவனா ஒரு வார்த்தை சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல.

— ஆனா நீங்க கீழ கட்டில்ல இருந்தீங்க. தூங்கிக்கிட்டிருந்தேன்னு நீங்க வாக்குமூலம் குடுத்ததா அறிக்கையில இருக்கு. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே.

— நீ பாக்காமக் கையெழுத்துப் போட்டே, ஐலிஃப். நான் பாத்துட்டுப் போட்டேன்.